மாட்டுக்குத் திரை உண்டு

ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் பிரம்மசக்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வயிறு முட்டக் குடித்துவிட்டு, கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அடிவயிற்று ஸ்கேனுக்கு அதுதான் முறை. தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று அவள் கணவன் பால்துரையும் ஒரு பாட்டிலைத் திறந்துகொண்டான். நீ ஒரு மடக்கு, நான் ஒரு மடக்கு என்று பந்தயம். பிரம்மசக்தி அசையவில்லை. பால்துரைதான் கடைசியில் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு கழிப்பறையைத் தேடி ஓடினான். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடக்கிக்கொண்டு இருக்கிறவர்களுக்குச் சிரிப்பைப் போல எதிரி வேறு இல்லை. "எம்மா, அந்த மனுசனை இந்தப் பக்கம் வரவிடாதிய" என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

அவன் திரும்பி வருவதற்குள் பிரம்மசக்தியை உள்ளே அழைத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் கையில் சிவப்பு அட்டை இருந்தது.

இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அப்போதெல்லாம் மனிதர்களைப் பார்க்கும் ஸ்கேன் மெஷினுக்குத் திரை கிடையாது. அதற்கும் முன்னால் இருந்ததாம். கறுப்பு வெள்ளையில் உள்ளே இருப்பது அப்படியே தெரியுமாம். அதைப் பார்த்து வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்துகொண்டு அழித்தவர்கள் நாட்டில் பெருகிப்போனார்கள். சுவரெல்லாம் எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள், மெஷின்களுக்குச் சீல் வைத்தார்கள், டாக்டர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் மனிதன் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. மெஷின் பார்க்கும், மெஷினே முடிவு செய்யும், நமக்கு நிறத்தை மட்டும் சொல்லும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் என்றால் மறுபடி வர வேண்டும். சிவப்பு என்றால் புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன்.

சட்டம் பலித்தது. அதை யாராலும் மறுக்க முடியாது. பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பெண் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஒரு தலைமுறை டாக்டர்கள் ஸ்கேன் படம் என்று ஒன்றைக் கண்ணாலேயே பாராமல் படித்து முடித்துவிட்டார்கள்.

பிரம்மசக்திக்குக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். பிள்ளை என்ற பேச்சை எடுக்காமலே அவளும் பால்துரையும் மீதி வருஷங்களைச் சிரித்துப் பேசியே ஓட்டினார்கள். பிறகு ஒரு மத்தியானம், உப்பளத்தில் மூட்டை ஏற்றிவிட்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்த பால்துரை எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் செந்திலாம்புதூர் வீட்டில் பிரம்மசக்தியும், அவள் மாடு மினுக்கியும், பால்துரையின் தங்கை செல்வக்கனியும்தான். கனியின் புருஷன் வைகுண்டமணிக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். மதினியும் நாத்தனாரும் ஒரு வீட்டில் இருந்தால் சட்டி பானை உடையும் என்று ஊர் காத்திருந்தது. உடைந்ததெல்லாம் ஊரின் நம்பிக்கைதான். இருவரும் சண்டை போடுவார்கள், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து கேட்கும் அளவுக்குச் சுவாரசியமாகப் போடுவார்கள். பிறகு ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

அந்த வருஷம் கனிக்கு வயிறு தள்ள ஆரம்பித்தது. தெருவே சந்தோஷப்பட்டது. கப்பலிலிருந்து வைகுண்டமணி பேரெல்லாம் யோசித்துச் சொன்னான். பிரம்மசக்தி பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துத் தொட்டில் துணி அடுக்கிவைத்தாள். சோதித்துப் பார்த்தால் கர்ப்பமே இல்லை. வயிறு மட்டும் வளர்ந்தது. பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குனிந்து மினுக்கிக்குத் தண்ணீர் காட்ட முடியவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் நீர் கோத்திருக்கிறது, ரத்தச் சோதனையும் சரியில்லை என்றார்கள். ஸ்கேன் அறையிலிருந்து கனி சிவப்பு அட்டையோடு வந்தாள். அடுத்த வாரமே ஆபரேஷன். எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

பஸ்ஸில் கனி வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னாள்.

"மதினி, அந்தத் தொட்டில் துணியெல்லாம் யாருக்காவது குடுத்துருங்க. என் கண்ணுல படாமக் குடுங்க."

பிரம்மசக்தி கொடுக்கவில்லை. பெட்டிக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

மறுநாள் காலையில் மினுக்கிக்குச் சினை பார்க்க டாக்டர் ஜெபமணி வந்தாள். கால்நடை மருத்துவர். வேனிலேயே ஊர் ஊராகப் போகிறவள். உரத்த குரல், அவள் அதட்டினால் மாடுகூட வாலைத் தாழ்த்திக்கொள்ளும் என்பார்கள். தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்வழியாகக் கையை விட்டு வேலையைப் பார்த்தாள். வேன் கதவில் பொருத்தியிருந்த சிறிய திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது.

"சினை நிக்குது. இந்தா துடிக்கிது பாருங்க, இதயம். கிடாரிக்கன்னு போலத் தெரியுது, பொட்டைதான். என்னக்கா, கிடாரின்னு சொன்னா எல்லாரும் எனக்கு மாலை போடாத குறையாச் சந்தோசப்படுவாவ. நீங்க கல்லு மாதிரி நிக்கிய?"

பிரம்மசக்தி கன்றைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இந்தத் திரையை அவள் பார்த்து வந்திருக்கிறாள். அது என்ன என்று அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. சட்டம் போட்டவர்கள் மாட்டை மறந்துவிட்டார்கள். மறக்கவும் இல்லை, மாட்டு விஷயத்தில் யாரும் பெண்ணை அழிப்பதில்லை, அதனால் மூட வேண்டிய அவசியம் வரவில்லை.

கனியின் வயிற்றையும் இதில் பார்க்க முடியுமா என்று அவள் கேட்டதும் ஜெபமணி உறையைக் கழற்றிக்கொண்டே முடியாது என்றுவிட்டாள். மனித வயிற்றின் மேல் திரையுள்ள மெஷினை வைத்தாலே குற்றம். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லை. உரிமம் போகும், வேன் போகும், ஜெயிலும் கிடைக்கும். தான் படித்தது மாட்டுக்கு. மனுஷிக்கு ஒன்று கிடக்க ஒன்று சொல்லிவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கதவோரமாக நின்று கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, மெஷின்ல எருமைன்னு போட்டுக்கிடுங்க. பொய்யில்ல. மதினி தினமும் காலையில அப்படித்தான் எழுப்புதாவ."

ஜெபமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். பிறகு, கீழே வைத்த நீள உறையைக் கையில் எடுத்தாள். கனி இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"எருமைன்னு போட்டா இது வழியாத்தான் பாக்கணும், சம்மதமா?" என்றாள் ஜெபமணி. கனியின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாத. ஆடுன்னு போட்டுக்கிடுதேன். ஆட்டுக்கு வயித்து மேலயே பாத்துரலாம். வந்து படு, தாயி."

அவள் மனம் எந்த இடத்தில் மாறியது என்று பிரம்மசக்திக்குத் தெரியாது. சிரித்த பிறகு ஒருவரை விரட்டுவது கஷ்டம். அவ்வளவுதான் காரணமாக இருந்திருக்கும்.

வேனுக்குள் தீவன மூட்டைகளை ஒதுக்கிக் கனியைப் படுக்கவைத்தார்கள். குளிர்ந்த களிம்பைத் தடவியதும் கனி நெளிந்தாள். ஜெபமணி அதட்டினாள், மாட்டை அதட்டுவதுபோலவே. பிறகு வயிற்றின் மேல் கருவியை மெதுவாக நகர்த்தினாள். ஓரிடத்தில் கையை நிறுத்தினாள், சாய்த்தாள், மறுபடி நிறுத்தினாள்.

"சத்தத்தை உள்ள அனுப்புதோம்க்கா. தண்ணிக்குள்ள அது தடையில்லாமப் போயிரும், அதான் இவ்வளவு கறுப்பு. சதையில பட்டா திரும்பி வரும், அது சாம்பல். சினைப்பையில இந்த உருண்டை இருக்குல்லா, இதுதான் கட்டி. ஓரத்தைப் பாருங்க, வழுவழுன்னு. அதுக்குப் பின்னால என்ன தெரியுது?"

"கோடு கோடா இருட்டு" என்றாள் பிரம்மசக்தி. "ஜன்னல் கம்பி நிழல் மாதிரி."

"நிழலேதான். சத்தத்தை அது தாண்டிப் போக விடமாட்டேங்குது. முழுக்க நாரு. நார்க்கட்டிதான் இப்படி நிழல் போடும்." அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். உருண்டையின் ஓரத்தில் ஒன்றிரண்டு வண்ணப் புள்ளிகள் மின்னி மறைந்தன. "இது ரத்த ஓட்டம். கெட்ட கட்டி பசி எடுத்த கட்டிக்கா. நாலாபக்கமிருந்தும் ரத்தத்தை இழுக்கும், நடுவுல தீ எரியுத மாதிரி இருக்கும். இது சாப்பிடாம சும்மா உக்காந்திருக்கு."

"அப்ப தண்ணி?"

"சில நார்க்கட்டி இப்படித் தண்ணி கோக்க வைக்கும். வயித்துல, நெஞ்சுல ரெண்டுலயும். ரொம்ப அபூர்வம். கட்டியை எடுத்தாத் தண்ணி தானா வத்திரும். காலேஜுல பழைய புஸ்தகம் ஒண்ணுல படிச்சேன், மனுசருக்கு எழுதின புஸ்தகம். ஆனா நான் மாட்டு டாக்டர். இதைத் தீர்ப்புன்னு எடுத்துக்கிடாதிய. சந்தேகம்னு எடுத்துக்கிடுங்க."

மெஷின் ஏன் சிவப்பு சொல்ல வேண்டும் என்று கனி படுத்தபடியே கேட்டாள். கெட்டிக் கட்டியும் தண்ணீரும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் புற்றுநோய்தான், மெஷின் பார்த்த லட்சக்கணக்கானவற்றில் அப்படித்தான் இருந்திருக்கும் என்றாள் ஜெபமணி. அபூர்வமானதை அது கண்டிருக்காது. கண்டாலும் சிவப்பு என்று சொல்லும். சிவப்பு என்று வந்துவிட்டால் வெட்டிய கட்டியை யாரும் சோதிப்பதில்லை, எரித்துவிடுகிறார்கள். தான் தப்பு செய்தது மெஷினுக்கு எப்படித் தெரியும்? தப்பையும் சரி என்றே அது படித்துக்கொள்கிறது.

கனி களிம்பைத் துடைத்துக்கொண்டு இறங்கி, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். பிரம்மசக்தி வேனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"டாக்டரம்மா, கட்டியை எடுத்ததும் தண்ணி வத்திரும்னு சொன்னியள்ளா? எனக்கும் அப்ப வயித்துல தண்ணி கோத்திருந்துச்சு, ஆபரேஷன் ஆனதும் அப்படித்தான் வத்துச்சு. ஒரே வாரத்துல. சாமி புண்ணியம்னு எல்லாரும் சொன்னாவ."

ஜெபமணி மெஷினை மூடிக்கொண்டிருந்தாள். மூடி முடித்த பிறகும் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமானது.

"எக்கா" என்றாள். பிரம்மசக்தி தன் கதையை அதோடு நிறுத்திக்கொண்டாள். முதலில் கனியைப் பார்க்க வேண்டியிருந்தது.

படத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு ஜெபமணி ஒதுங்கியிருக்கலாம். யார் எடுத்தது என்று கேட்பார்கள், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேஷன் செய்ய இருந்தவள் டாக்டர் ஃபர்ஹானா, இளம் வயது. வேனில் இருந்து நேரே வந்த ஜெபமணியின் மேல் வீசிய சாண வாசனையில் அவள் முதலில் ஜன்னலைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அதே ஜன்னலை மூடினாள்.

இது குற்றம் என்று தெரியுமா என்றாள். தெரியும் என்றாள் ஜெபமணி. 'இனம்: ஆடு' என்று மேலே அச்சாகியிருந்த படத்தை மேஜையில் வைத்தாள். ஃபர்ஹானா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதுல எது மேல் பக்கம்?"

யாரும் சிரிக்கவில்லை. ஜெபமணி எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று, படத்தை நேராகப் பிடித்துக் காட்டினாள். இரண்டு டாக்டர்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சிறு காகிதத்தையே பார்த்தார்கள். இத்தனை நாளாக வெட்டி எடுத்தவற்றில் சில வெண்மையாக, கல்மாதிரி இருந்ததாகவும், கத்தி பட்டபோது தனக்கே சந்தேகம் வந்ததாகவும் ஃபர்ஹானா சொன்னாள். மெஷின் சொன்ன பிறகு சந்தேகப்பட்டு என்ன செய்ய என்று விட்டிருக்கிறாள்.

"சிவப்பு வந்தா எல்லாத்தையும் எடுக்கணும்னு விதி. நான் மீற முடியாதும்மா" என்றாள் பிரம்மசக்தியிடம். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா எதை முதல்ல எடுக்கணும்னு விதியில இல்ல. கட்டியை மட்டும் முதல்ல எடுக்கிறேன். வயிறு திறந்தே இருக்கட்டும். பக்கத்து அறையில அதை உறைய வெச்சு, சீவி, மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொல்றேன். குடல் ஆபரேஷன்ல அப்படிப் பாக்கிறது வழக்கம்தான். நல்ல கட்டின்னு பதில் வந்தா மெஷின் சொன்னது தப்புன்னு என் கையில ஆதாரம் இருக்கும். கெட்டதுன்னு வந்தா நிறுத்தமாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் கனி. "ஆனா ஆட்டுக்குச் செய்யுத மாதிரி மயக்க மருந்து குடுத்துராதிய."

ஆபரேஷன் அன்று பிரம்மசக்தியும் ஜெபமணியும் வெளியே காத்திருந்தார்கள். ஜெபமணி வந்திருக்கத் தேவையில்லை; அந்த நேரம் மூன்று ஊரில் மாடுகள் அவளுக்காக நின்றுகொண்டிருந்தன. பேசிப் பேசி நேரத்தைக் கடத்த முயன்றாள். உதைத்த மாடுகளின் கதையெல்லாம் சொன்னாள். பிரம்மசக்தி காதில் வாங்கவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் மூடிய தட்டோடு வெளியே வந்து பக்கத்து அறைக்குள் போனார். அந்தக் கதவு திறக்கும்வரை அவளுக்குத் தன் கைகால் இருக்கிற நினைப்பே இல்லை.

ஃபர்ஹானா முகமூடியோடு வெளியே வந்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அது போதுமானதாக இருந்தது. கையில் அதே தட்டு. உள்ளே வெள்ளையாக, முற்றிய தேங்காய்ப் பருப்பை அரிந்து வைத்ததுபோல ஒன்று.

"நாருதான்" என்றாள். "ஒரு பக்கத்துச் சினைப்பை மட்டும் போச்சு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. தைக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்."

ஜெபமணி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் பிரம்மசக்தியைத் தூக்கிவிட்டாள். மாட்டைக் கீழே தள்ளும் கை. எலும்பு நொறுங்கியதுபோல இருந்தது.

நீர் வற்றியது. மூச்சு திரும்பியது. ஒரு வாரத்தில் கனி தன் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தொளதொளவென்று இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டாள். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை கேட்க வர ஆரம்பித்தார்கள்.

ஜெபமணியை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை வைத்தார்கள். விசாரணை நாளன்று மாடு வைத்திருக்கிற பெண்கள் எல்லாம் வேன் பிடித்து ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் மாட்டையும் கூட்டி வந்திருந்தார்கள். உள்ளே பிரம்மசக்தியைச் சாட்சியாக அழைத்தார்கள். திரையை உடனே திறந்துவிட வேண்டும் என்று அவள் சொல்வாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அவள் தான் பிறந்த கதையைச் சொன்னாள். அவள் வீட்டுக்கு அவள் மூன்றாவது பெண். வயிற்றில் இருந்தபோது, இதுவும் பெண்ணா என்று பார்த்துவிட அவள் அப்பா, அம்மாவை வண்டியேற்றிக் கூட்டிப்போயிருக்கிறார். சட்டம் வந்து அந்த வாரம்தான் மெஷினின் திரையை எடுத்திருந்தார்களாம். சும்மா திரும்பி வந்தார்கள். 'மெஷினு கண்ணை மூடிச்சு, நீ கண்ணைத் தொறந்த' என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"மெஷினுக்குக் கண்ணைக் கட்டினதாலதான் நான் பொறந்தேன்யா" என்றாள் பிரம்மசக்தி. "கண்ணைக் கட்டினதாலதான் எனக்குப் பிள்ளை இல்லாமயும் போச்சு. ஒண்ணை மட்டும் எழுதிட்டுப் போயிராதிய. ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். வெட்டுகிற எந்தக் கட்டியையும் சோதிக்காமல் எரிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. கர்ப்பம் இல்லை என்று உறுதியான பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் முன்னிலையில் திரையைத் திறக்கலாம் என்றும் வந்தது. ஜெபமணியை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க மாவட்டத்தில் ஆள் இல்லாததால் ஜெபமணியையே ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் அழைத்தார்கள். மாட்டு டாக்டரிடம் பாடம் கேட்பதா என்று முணுமுணுத்தவர்கள் எல்லோரையும் ஜெபமணி முதல் வரிசையில் உட்காரவைத்தாள்.

கனிக்கு அடுத்த வருஷம் நிஜமாகவே வயிறு வந்தது. பிள்ளை பிறந்தது. பெட்டிக்கு அடியிலிருந்து தொட்டில் துணி வெளியே வந்தபோது, குடுக்கச் சொன்னேனே என்று கனி ஒரு சண்டை போட்டாள். சண்டை பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பிரம்மசக்திக்குப் பிள்ளையைத் தூக்கவே நேரம் போதவில்லை.

பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாளில் ஃபர்ஹானா பிரம்மசக்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். பழைய சிவப்புக் கோப்புகளைத் திரும்பப் பார்க்கிறோம் என்றாள். பிரம்மசக்தியின் கட்டியை எரித்துவிட்டதால் நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. இருந்தாலும் குறிப்புகளையெல்லாம் வைத்துப் பார்த்தால் அதுவும் நார்க்கட்டிதான் என்று குழு நினைக்கிறது. அவள் சம்மதித்தால் கோப்பில் நிறத்தைப் பச்சையாக மாற்றிவிடலாம். மெஷினுக்குப் பாடம் சொல்ல அவள் கோப்பு தேவையில்லை, புதுக் கட்டிகள் போதுமான அளவு வருகின்றன. இது அவளுக்காக மட்டும்.

பிரம்மசக்தி பால்துரையை நினைத்துக்கொண்டாள். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவன், அவளை ஆபரேஷனுக்கு அனுப்பும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு சாகும்வரை டீக்கடை, உப்பளம், கல்யாண வீடு என்று ஓரிடம் விடவில்லை. 'எம்பொண்டாட்டியை எமன்கிட்டயிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தவன்டே நான்' என்று அந்த விரல்களை நீட்டிக் காட்டுவான். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள், அவளும்தான்.

"வேண்டாம் டாக்டரம்மா, அது அப்படியே கெடக்கட்டும்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருச்சு, அது போதும். அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

"அவர்தான் இல்லையேம்மா" என்றாள் ஃபர்ஹானா.

"இல்லதான்" என்றாள் பிரம்மசக்தி. ஊசி போடும் அறையில் பிள்ளை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் உரக்கக் கனி யாரையோ திட்டும் சத்தமும் கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போது நிறைய கோப்புகள் நிறம் மாறிவிட்டன. பிரம்மசக்தியின் கோப்பு இன்றும் சிவப்புதான்.